களம் வென்றார், அவை இழந்தார்

நீலகிரி மலை இரயிலில் குன்னூரைத் தாண்டி உதகமண்டலம் நோக்கிச் செல்வோர், வெலிங்டன் என்ற நிலையத்தைக் கடந்துதான் செல்ல வேண்டும். முன்பு ஜக்கதளா என்று வழங்கிய இடத்தில் ஆங்கிலேயர் தம் படைவீடுகளை அமைத்து, தம் நாட்டுத் தளபதி ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினர். இன்று நம் நாட்டு முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி அங்கேதான் நடைபெறுகிறது. ஊரின் பெயரை அறிந்தவர் பலர். அப்பெயருக்கு உரியவரை, வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்றவர் என்ற அளவில் அறிந்தவரும் பலர். ஆனால் அவரே இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்தார் என்பதையும், மக்களின் வெறுப்புக்கு ஆளாகித் தம் கட்சியையும் ஆட்சியிலிருந்து இறக்கிவிட்டு வெளியேறினார் என்பதையும் அறிந்தவர் சிலரே. அச்சிலருள் நம் கல்லூரி மாணவரும் இடம்பெற வேண்டும் என்னும் ஆசையால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெலிங்டன் நம் மண்ணில் வாளேந்தி நின்றவர். திப்பு சுல்தானை வீழ்த்திய படையில் ஒரு தளபதி. அவருக்குப் பரணி பாடுவது என் நோக்கமன்று. வரலாற்று மாணவன் ஒருவன் எதிரியின் வாழ்விலும் பாடம் கற்கலாம். வெற்றியின் உச்சியில் நின்ற ஒருவர் பதினைந்தே ஆண்டுகளில் ஏன் வீழ்ந்தார் என்னும் கேள்விதான் என்னை ஈர்த்தது.

இளமையும் இந்தியாவும்

1769ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தார் ஆர்தர் வெல்லெஸ்லி. டியூக் ஆஃப் வெலிங்டன் என்பது பிற்காலத்தில் வந்த பட்டம். ஈட்டன் பள்ளியில் பயின்ற காலத்தில் அவர் சிறந்த மாணவர் என்று பெயரெடுத்தவர் அல்லர். அண்ணன் ரிச்சர்டு அறிவில் ஒளிவீச, தம்பி யாருடைய கண்ணிலும் படாமல் வளர்ந்தார். வயலின் வாசிப்பதில் மட்டும் அவருக்குத் தணியாத விருப்பம் இருந்தது. 1787இல் படையில் சேர்ந்தார். தாம் விரும்பிய பெண்ணை, வருவாய் போதாது என்று அவள் வீட்டார் மணமுடித்துத் தர மறுத்தனர். அதன்பின் 1793இல் தம் வயலின்களைத் தீயிலிட்டுவிட்டுப் போர்த்தொழிலில் முழுமனத்துடன் இறங்கினார்.

1797இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். மறு ஆண்டு அண்ணன் ரிச்சர்டு கவர்னர் ஜெனரலாக வந்தார். தம்பி சென்னைக்கு வந்தார். திப்புவின்மீது படையெடுக்க வேலூர், வாலாஜாப்பேட்டைப் பகுதியில் படைகள் திரண்டுகொண்டிருந்தன. அவற்றுக்குப் பொறுப்பாக இருந்த மூத்த அதிகாரி, ஆரணியில் சக அதிகாரியோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் காயமுற்று மாண்டார். பொறுப்பு வெல்லெஸ்லியின் கைக்கு வந்தது. 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தது. திப்பு போரிட்டபடியே மாண்டார். கோட்டையின் ஆளுநராக அமர்த்தப்பட்ட வெல்லெஸ்லி, கொள்ளையில் இறங்கிய தம் வீரர் நால்வரைத் தூக்கிலிட்டு ஊரில் அமைதியை ஏற்படுத்தினார். தம்மை எதிர்த்துப் போரிட்டு மாண்ட துந்தியா வாக் என்பவரின் இளமகனைத் தாமே ஏற்று, அவனுடைய வாழ்வுக்குப் பொருளும் வைத்தார். கடுமையும் இருந்தது, நெஞ்சில் ஈரமும் இருந்தது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைசூரில் அவர் இட்டது கட்டளை. மற்றவர் செய்தது பணி. ஏன் என்று கேட்க அங்கே வாக்காளர் இல்லை. விளக்கம் கேட்க அவை இல்லை. முப்பது வயதில் பழகிய இப்பழக்கம் அறுபது வயதிலும் அவரை விடவில்லை என்பது என் எண்ணம்.

போர்க்களப் புகழ்

1803இல் அசாயி என்னுமிடத்தில் தம் படையைவிடப் பன்மடங்கு பெரிய மராட்டியப் படையை வென்றார். 1805இல் தாயகம் திரும்பினார். 1808 முதல் 1814 வரை போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் பிரெஞ்சுப் படைகளை ஒவ்வோர் ஊராகப் பின்னுக்குத் தள்ளினார். 1814இல் டியூக் பட்டம் வந்தது. 1815 ஜூன் 18இல் வாட்டர்லூவில் பெற்ற வெற்றி ஐரோப்பாவின் தலையெழுத்தையே மாற்றியது. இங்கிலாந்தில் அவருக்கு நிகரான புகழ் படைத்தவர் அன்று வேறொருவரும் இல்லை.

புகழ் பெற்ற தளபதி அரசியலுக்கு வருவது இயல்பு. 1818ஆம் ஆண்டின் இறுதியில் லிவர்பூல் பிரபுவின் டோரி அமைச்சரவையில் சேர்ந்தார். 1828 ஜனவரியில் பிரதம மந்திரியானார். டோரிக் கட்சி 1807ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து ஆட்சிக் கட்டிலில் இருந்து வந்தது. இனி அசைக்க முடியாது என்று அக்கட்சியினர் எண்ணியிருந்த காலம் அது. ஆனால் உள்ளே மூன்று அணிகள் இருந்தன. எந்த மாற்றமும் கூடாது என்ற பழமைவாதிகள் ஓர் அணி. மறைந்த கானிங்கின் வழியில் மெல்ல மெல்ல மாற்றம் வேண்டும் என்றவர்கள் மற்றோர் அணி. சர் ராபர்ட் பீல் போன்ற நிர்வாகத் திறனாளர்கள் இடையில் நின்றனர். பதவியேற்ற நான்கே மாதங்களில், இரண்டு சிறு தொகுதிகளின் இடங்களை யாருக்குத் தருவது என்ற சச்சரவில், ஹஸ்கிஸன் தலைமையில் கானிங் அணியினர் விலகினர். டியூக் அவர்களைத் திரும்ப அழைக்க முயலவில்லை. படையில் ஒருவர் விலகினால் அவரிடத்தில் வேறொருவரை நிறுத்திவிடலாம். கட்சியில் அப்படிச் செய்ய முடியுமா?

கட்சியைப் பிளந்த நற்செயல்

விலகிய அமைச்சர் ஒருவரின் இடத்தில் புதியவர் அமர்த்தப்பட்டார். அன்றைய முறைப்படி அவர் தம் தொகுதியில் மீண்டும் தேர்தலில் நிற்க வேண்டியிருந்தது. அத்தொகுதி அயர்லாந்தின் கிளேர். அயர்லாந்து மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்கள் வாக்களிக்கலாம், ஆனால் பார்லிமெண்டில் அமரக் கூடாது. இந்த அநீதியை எதிர்த்துப் போராடிய வழக்கறிஞர் டேனியல் ஓகானல், 1828 ஜூலையில் கிளேரில் தாமே வேட்பாளராக நின்றார். அவருக்கு 2,057 வாக்குகள், அமைச்சருக்கு 982. வென்றவர் அவைக்குள் நுழைய முடியாது. அவரை நுழையவிடாவிட்டால் அயர்லாந்து பற்றி எரியும்.

கத்தோலிக்கருக்கு உரிமை தரக் கூடாது என்பதே டோரிக் கட்சியின் நெடுநாளைய கொள்கை. டியூக்கும் அதை ஆதரித்தே வந்தவர். ஆனால் போரை நேரில் கண்டவருக்கு உள்நாட்டுப் போர் என்றால் என்ன என்பது தெரியும். உரிமை வழங்குவதே வழி என்று முடிவு செய்தார். முடிவு சரியானது, அதை நிறைவேற்ற அவர் காட்டிய துணிவும் பெரியது. மன்னர் நான்காம் ஜார்ஜ் அழுதார், மறுத்தார். 1829 மார்ச்சில் ஒருநாள் அமைச்சர்களின் பதவியையே பறித்துவிட்டு, அன்றிரவே மனம் மாறித் திரும்ப அழைத்தார். டியூக் அசையவில்லை. பிரபுக்கள் சபையில் மசோதா 105 வாக்கு வித்தியாசத்தில் இரண்டாம் படியைக் கடந்தது. ஏப்ரலில் சட்டமாயிற்று.

அவர் மறைத்த செய்திதான் வினையாயிற்று. 1828 ஆகஸ்டு முதல் மறு ஆண்டு பிப்ரவரி வரை, தம் எண்ணத்தைத் தம் கட்சியினருக்கு அவர் தெரிவிக்கவில்லை. மன்னரோடும் பீல் போன்ற ஓரிருவரோடும் மட்டும் பேசினார். பார்லிமெண்டு கூடிய அன்று மன்னர் உரையில் செய்தியைக் கேட்ட டோரிகள் திகைத்துப் போயினர். கத்தோலிக்கர் உரிமையை எதிர்ப்போம் என்று தம் தொகுதியில் வாக்குக் கொடுத்து வென்றவர்கள் அவர்கள். இனி எந்த முகத்தோடு ஊருக்குப் போவார்கள்? விக் கட்சியின் வாக்குகளைக் கொண்டு சட்டம் நிறைவேறியது. சொந்தக் கட்சியின் பழமைவாதிகள் எதிர்த்து வாக்களித்தனர். பீல் தம் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத் தொகுதியைத் துறந்து மீண்டும் நின்று தோற்றார். வின்சில்ஸி பிரபு டியூக்கின் நாணயத்தைப் பொதுவில் பழித்து எழுத, 1829 மார்ச் 21இல் பாட்டர்ஸி வெளியில் இருவரும் துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்றனர். டியூக்கின் குண்டு படவில்லை. வின்சில்ஸி வானை நோக்கிச் சுட்டுவிட்டு எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். நாட்டின் பிரதம மந்திரி தம் கட்சிக்காரரோடு துப்பாக்கிச் சண்டைக்கு நின்றார் என்றால், கட்சி எந்நிலையில் இருந்தது என்று சொல்லவும் வேண்டுமோ?

மக்களில்லாத் தொகுதிகளும் தொகுதியில்லா மக்களும்

அடுத்த புயல் வேறு திசையிலிருந்து வந்தது. அன்றைய காமன்ஸ் சபையில் 658 உறுப்பினர்கள். ஓல்டு சாரம் என்பது வெறும் மேடு. அங்கே குடியிருப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. அதற்கு இரண்டு உறுப்பினர்கள். டன்விச் என்ற பழைய துறைமுகத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. அதற்கும் இரண்டு உறுப்பினர்கள். ஆலைகள் பெருகி, மக்கள் இலட்சக்கணக்கில் குவிந்திருந்த மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் ஓர் உறுப்பினர்கூட இல்லை. நில உடைமைப் பிரபுக்கள் பலர், நம் ஊரில் தோப்பையும் துரவையும் எழுதி வைப்பதுபோல, தொகுதிகளைத் தம் சட்டைப் பைக்குள் வைத்திருந்தனர். ஆங்கிலேயரே இவற்றை உளுத்துப்போன தொகுதிகள் என்று ஏளனம் செய்தனர்.

சீர்திருத்தம் வேண்டும் என்ற குரல் நெடுநாளாக ஒலித்தது. பர்மிங்காமில் தாமஸ் அட்வுட் என்ற வங்கியாளர், முதலாளியையும் தொழிலாளியையும் ஒன்றாகத் திரட்டி அரசியல் சங்கம் அமைத்தார். வியப்பு என்னவென்றால், பழமைவாத டோரிகளுள்ளும் சிலர் சீர்திருத்தம் கேட்கத் தொடங்கினர். 1830இல் பிளாண்ட்ஃபோர்டு என்ற பிரபு அவையில் அதற்கான திட்டத்தையே கொண்டுவந்தார். உளுத்த தொகுதிகளின் உறுப்பினர்களை வைத்துத்தான் டியூக் கத்தோலிக்கர் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டார் என்பது அவர்கள் கோபம். வேலியாக நின்றவர்களே வேலியைப் பிடுங்க வந்தனர்!

1830ஆம் ஆண்டில் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விளைச்சல் குறைந்து வறுமை பரவியது. ஜூனில் மன்னர் மறைய, நான்காம் வில்லியம் அரியணை ஏறினார், பொதுத்தேர்தல் நடந்தது. தேர்தல் நடக்கும்போதே பாரிசில் ஜூலைப் புரட்சி வெடித்து, பிரெஞ்சு மன்னர் முடி துறந்தார். ஆகஸ்டு இறுதியில் கெண்டு மாவட்ட உழவுக் கூலிகள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர், வைக்கோற்போர்கள் எரிந்தன, கலகம் தெற்கு மாவட்டங்களில் பரவியது. செப்டம்பர் 15இல் லிவர்பூல்–மான்செஸ்டர் இரயில்பாதையின் திறப்பு விழாவுக்கு டியூக் சென்றார். விலகிப்போன ஹஸ்கிஸன், டியூக்கின் பெட்டியருகே சென்று பேச முற்பட்டபோது, மறு தண்டவாளத்தில் வந்த ராக்கெட் என்ற இயந்திரம் மோதி அன்றிரவே உயிர் நீத்தார். கானிங் அணியோடு மீண்டும் கைகோப்பதற்கு இருந்த பெருவாய்ப்பு அவரோடு போயிற்று. விழாவுக்குச் சென்ற டியூக்கை மான்செஸ்டர் மக்கள் வசைமொழியால் வரவேற்றனர்.

ஒரு பேச்சும் ஓர் ஆட்சியும்

1830 நவம்பர் 2ஆம் நாள். பிரபுக்கள் சபையில் விக் தலைவர் கிரே பிரபு, சீர்திருத்தம் இன்றியமையாதது என்று பேசி அமர்ந்தார். டியூக் எழுந்தார். இருக்கும் முறையே மிகச் சிறந்தது. நாட்டின் முழு நம்பிக்கையும் அதற்கு உண்டு. தாம் எவ்வகைச் சீர்திருத்தமும் கொண்டுவரப்போவதில்லை. பதவியில் இருக்கும்வரை பிறர் கொண்டுவந்தாலும் எதிர்ப்பேன் என்ற பொருள்பட முழங்கினார். அமர்ந்த பிறகு, அவையில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டு, பக்கத்திலிருந்த அபர்டீன் பிரபுவிடம், தாம் அளவுக்கு மீறிப் பேசிவிட்டோமோ என்று வினவினாராம். ஆட்சி போய்விட்டது என்பதே அபர்டீன் தந்த விடையின் கருத்து என்று சொல்லப்படுகிறது.

அப்படியே நடந்தது. இலண்டன் கொந்தளித்தது. நவம்பர் 9இல் நகரத் தலைவரின் விருந்துக்குப் புது மன்னர் வருவதாக இருந்தது. கலவரம் நேருமென்று அஞ்சி அதை நிறுத்தினர். வாட்டர்லூ வீரர் தம் தலைநகரில் மன்னரை அழைத்துச் செல்ல அஞ்சுகிறார் என்று ஊர் சிரித்தது. நவம்பர் 15இல் அரச குடும்பச் செலவுப் பட்டியலை ஆராயக் குழு வேண்டும் என்று சர் ஹென்றி பார்னெல் கொண்டுவந்த தீர்மானம் 233க்கு 204 என்று வென்றது. பழமைவாத டோரிகள் பலரும் அரசை எதிர்த்தே வாக்களித்திருந்தனர். மறுநாள் டியூக் பதவி விலகினார். கிரே பிரபு ஆட்சி அமைத்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாக நீடித்த டோரி ஆட்சி 29 வாக்குகளில் முடிந்தது.

ஏன் வீழ்ந்தார்?

தேர்வுக்குப் படிக்கும்போது இதற்கு ஒருவரி விடை போதும். சீர்திருத்தத்தை எதிர்த்தார், வீழ்ந்தார் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அவ்விடை எனக்கு நிறைவு தரவில்லை. வளையாததால் வீழ்ந்தார் என்றால், ஓராண்டுக்கு முன் கத்தோலிக்கர் பிரச்சினையில் அவர் வளைந்தாரே! வளைந்ததால் வீழ்ந்தார் என்றால், 1830இல் பாறைபோல் நின்றாரே! இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

1829இல் வளைந்தபோது, கட்சியின் வலப்பக்கம் ஒடிந்தது. ஒடிந்ததை ஒட்டவைக்க, 1830இல் சிறிதும் வளையமாட்டேன் என்றார். அவ்வுறுதியைக் கண்டு பழமைவாதிகள் திரும்பி வருவர் என்று எண்ணினார் போலும். அவர்கள் வரவில்லை. சென்ற முறையும் இப்படித்தான் உறுதி சொன்னார், பிறகு மாறினார். இம்முறை மட்டும் எப்படி நம்புவது என்பது அவர்கள் வாதம். மறுபுறம், மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய நகரங்களுக்கு மட்டுமாவது இடம் தந்தால் போதும் என்றிருந்த நடுநிலையாளர்கள், அக்கதவும் அடைபட்டதும் விக் பக்கம் சென்றனர். பழையவர்கள் திரும்பவில்லை, இருந்தவர்களும் நிற்கவில்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்னும் நிலைக்கு ஆளானார்.

அப்படியானால் 1829இல் அவர் செய்தது தவறா? இல்லை என்பேன். கத்தோலிக்கருக்கு உரிமை தந்தது அவர் ஆட்சியின் மிகச் சிறந்த செயல். தவறு, செயலில் இல்லை. செய்த முறையில் இருந்தது. நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். மாணவர் பேரவைத் தலைவர் ஒருவர், ஒரு கோரிக்கையை விடமாட்டோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, அறைக்குள் அதற்கு மாறாக ஒப்புக்கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டது மாணவர்க்கு நன்மையானதாகவே இருக்கலாம். காரணத்தை முன்பே சொல்லியிருந்தால் பாதிப் பேராவது ஏற்றிருப்பார்கள். சொல்லாததால் நன்மையும் துரோகமாகத் தெரிகிறது. அடுத்த முறை அவர் மெய்யாகவே உறுதியாக நின்றாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

டியூக்குக்கு இது விளங்கவில்லை. தளபதி தம் திட்டத்தைப் படைவீரருக்கு விளக்குவதில்லை. இரகசியம் காப்பதே அங்கே வெற்றிக்கு வழி. சீரங்கப்பட்டினத்திலும் ஸ்பெயினிலும் அவரை உயர்த்திய அதே குணம் வெஸ்ட்மின்ஸ்டரில் அவரைத் தாழ்த்தியது. மக்களாட்சியில் கட்சி என்பது படையன்று. அங்கே ஒவ்வொருவரும் தம் ஊருக்குத் திரும்பிப் போய்ப் பதில் சொல்ல வேண்டியவர். அவர்க்குப் பதிலைக் கொடுக்காமல் வாக்கை மட்டும் கேட்கும் தலைவர் நெடுநாள் நிலைப்பதில்லை.

வீழ்ச்சிக்குப் பின்

வீழ்ந்த பிறகும் வெறுப்பு தணியவில்லை. 1831 ஏப்ரலில் அவர் மனைவி காலமானார். உடல் மாளிகையில் கிடந்த நேரத்திலேயே, சீர்திருத்தம் வேண்டிய கூட்டத்தினர் வந்து கண்ணாடிச் சன்னல்களைக் கல்லால் அடித்து நொறுக்கினர். அக்டோபரில் பிரபுக்கள் சபை மசோதாவைத் தள்ளியபோது மீண்டும் கல்மாரி. பின்னர் அவர் சன்னல்களுக்கு இரும்புக் கதவுகள் பொருத்தினார். 1832 மே மாதம் கிரே விலகியபோது மன்னர் டியூக்கை அழைத்தார். அவரால் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. மக்கள் வங்கிகளுக்குச் சென்று காகிதப் பணத்தைத் தங்கமாக மாற்றத் தொடங்கினர். அவரைத் தடுக்கும் ஆயுதம் அது. இறுதியில் டியூக்கும் அவர்பின் பல பிரபுக்களும் வாக்கெடுப்புக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டனர். 1832 ஜூன் 7இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 56 உளுத்த தொகுதிகள் மறைந்தன. பதினொரு நாள் கழித்து, வாட்டர்லூ வெற்றி நாளன்றே, இலண்டன் தெருவில் கும்பலொன்று அவரைச் சூழ்ந்து ஏசியது. அவ்வாண்டு இறுதித் தேர்தலில் டோரிகள் 200 இடங்களைக்கூட எட்டவில்லை.

காலம் ஆறாத புண்ணை ஆற்றும். 1834இல் பீல் இத்தாலியிலிருந்து திரும்பும்வரை மூன்று வாரம் ஆட்சியைத் தாங்கி நின்றார். அவர் வந்ததும் பதவியைத் தயக்கமின்றி ஒப்படைத்தார். 1846இல் தானியச் சட்டங்களை நீக்கப் பீல் முனைந்தபோது, தமக்கு உடன்பாடில்லாதபோதும் பிரபுக்கள் சபையில் ஆதரவு திரட்டிக் கொடுத்தார். 1852 செப்டம்பர் 14இல் தம் எண்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். நவம்பரில் நடந்த இறுதி ஊர்வலத்தைக் காணத் தெருக்களில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். அவர் சன்னலில் கல்லெறிந்தவர்களும் அக்கூட்டத்தில் தொப்பியைக் கழற்றி நின்றிருக்கக் கூடும்.

மாணவ நண்பர்களே, நாளை நம்மில் சிலர் அலுவலகங்களில் அமர்வோம். சிலர் சங்கங்களை நடத்துவோம். சிலர் ஊராட்சியில் பொறுப்பேற்போம். சரியெனக் கண்டதைச் செய்யும் துணிவு நமக்கு வேண்டும். அது டியூக்கிடம் இருந்தது. அதற்கான காரணத்தைத் தம்மைச் சேர்ந்தவர்க்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்லும் பொறுமையும் வேண்டும். அது அவரிடம் இல்லை. முன்னது இருந்து பின்னது இல்லாத தலைவரின் கதி என்னவென்பதற்கு, 1830 நவம்பரில் எண்ணப்பட்ட அந்த 29 வாக்குகளே சான்று.